அந்த மஞ்சள் நீரில் இருப்பது பழைய ரத்தத்தின் கணக்கு

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். என் மகளுக்கு 28 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பேத்தி பிறக்கும்போது எடை 1,050 கிராம். மூன்றாம் நாள் தலை ஸ்கேனில் ‘கிரேடு 3 ரத்தக்கசிவு’ என்றார்கள். அப்புறம் தலையில் நீர் சேர ஆரம்பித்து, 20-ஆம் நாள் தலைத் தோலுக்கு அடியில் ரிசர்வாயர் என்ற ஒன்றை வைத்தார்கள். தினமும் அதில் ஊசி போட்டு 15 மில்லி வரை நீர் எடுக்கிறார்கள். இன்றைக்கு 41-ஆம் நாள், எடை 1,480 கிராம்.

நீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 12-ஆம் நாள்: நிறம் சிவப்பு, சிவப்பணு 48,000, வெள்ளையணு 60, புரதம் 740, சர்க்கரை 14. 27-ஆம் நாள்: மஞ்சள், 6,000, 32, 510, 19. 38-ஆம் நாள்: வெளிர் மஞ்சள், 800, 14, 330, 24. கடைசி முறை அதே நேரத்தில் எடுத்த ரத்தச் சர்க்கரை 78. மூன்று தடவையும் கல்ச்சரில் கிருமி வளரவில்லை. ரிப்போர்ட்டின் ஓரத்தில் ‘இயல்பு அளவு: புரதம் 15–45’ என்று அச்சிட்டிருக்கிறது. எங்கள் குழந்தைக்கு அதைப்போல ஏழு மடங்கு இருக்கிறதே, ஏன்? சர்க்கரை குறைவாக இருப்பதால் மூளைக்காய்ச்சல் என்று ஒரு டாக்டர் ஆன்டிபயாடிக் தொடங்கினார். இன்னொருவர் இல்லை என்று நிறுத்திவிட்டார். யார் சொல்வது சரி? தினமும் நீர் எடுத்தால் சத்தெல்லாம் போய்விடாதா? புரதம் 150-க்கு இறங்கி, எடையும் 2 கிலோ தாண்டிய பிறகுதான் ஷண்ட் (தலை நீரைத் தோலுக்கு அடியிலேயே வயிற்றுக்கு வடியவிடும், வால்வு வைத்த குழாய்) என்கிறார் அறுவை சிகிச்சை நிபுணர். அதுவரை மூளை நசுங்காதா? நீரை வற்ற வைக்க மாத்திரை உண்டு என்கிறார் ஒரு உறவினர். வெளிநாட்டு வால்வு வைக்க வீட்டை அடகு வைக்கலாமா என்று மருமகன் கேட்கிறார். இதற்கிடையில், ‘தலையில் புரதம் கூடிவிட்டது’ என்று யாரோ சொல்லப்போய், மகள் பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். தாய்ப்பாலும் குறைந்துவிட்டது.

பதில்:

வணக்கம் ஐயா.

நோட்டுப் பக்கத்தின் படத்தையும் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அலகு மாறாமல், ரத்தச் சர்க்கரை எடுத்த நேரத்தைக்கூடக் குறித்திருக்கிறீர்கள். எங்கள் வார்டு கேஸ் ஷீட்டில் பல நாள் இந்த ஒழுங்கு இருக்காது. குழந்தையை நேரில் பார்க்காதவன் நான். அதனால் சிகிச்சை முடிவுகளை அங்கே இருக்கும் மருத்துவர்கள்தான் எடுக்க வேண்டும். ஆனால் உங்கள் நோட்டில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன என்று விளக்க முடியும். அவை சரியான திசையில் போகின்றன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த ‘15–45’. அது பெரியவர்களுக்கான அளவு. லேப் கம்ப்யூட்டருக்கு நோயாளியின் வயது தெரியாது, எல்லோருக்கும் அதே வரியை அச்சடித்துவிடும். குறைமாதக் குழந்தையின் தண்டுவட நீரில் (மூளை நீர் என்பதும் இதுதான்), ரத்தக்கசிவே இல்லாவிட்டாலும், புரதம் 100, 150 என்று இருப்பது சகஜம். பேத்தியின் 330-ஐ 45-உடன் ஒப்பிடாதீர்கள். 150-உடன் ஒப்பிடுங்கள், அதைவிட மேலாக அவளுடைய சொந்த 740-உடன் ஒப்பிடுங்கள்.

அந்த 740 எங்கிருந்து வந்தது என்பதற்கு, நீங்கள் வேதியியல் ஆசிரியர் என்பதால் ஒரு கைக்கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரே ஒரு மில்லி ரத்தம் 20 மில்லி மூளை நீரில் கலந்ததாக வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 15 கிராம் என்றால், அந்த ஒரு மில்லியில் 150 மில்லிகிராம் ஹீமோகுளோபின் இருக்கும். அதுவும் புரதம்தானே. மீதியுள்ள அரை மில்லி சொச்சம் பிளாஸ்மாவில் இன்னும் ஒரு 25 மில்லிகிராம். மொத்தம் 175 மில்லிகிராம், 20 மில்லியில். டெசிலிட்டருக்கு மாற்றிப் பாருங்கள்: 875 வருகிறது. அரை ஸ்பூன்கூட வராத ரத்தம், மூளை நீரின் புரதத்தை அந்த 45-ஐப்போல இருபது மடங்கு ஏற்றிக் காட்டிவிடும். உங்கள் பேத்திக்கு மூளையின் அறைகளுக்குள் கசிந்தது ஒரு மில்லியைவிட அதிகமாகவே இருந்திருக்கும். ஆக, ரிப்போர்ட்டில் ‘புரதம்’ என்ற பெயரில் நீங்கள் படிப்பது பெரும்பாலும் அந்தப் பழைய ரத்தத்தின் மிச்சம்.

ரத்தம் ஏன் அங்கே கசிந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மகள் தனக்குள் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதால் சொல்கிறேன். மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளின் ஓரத்தில், வளரும் செல்கள் நெருக்கமாக உற்பத்தியாகும் ஒரு பகுதி உண்டு. ஜெர்மினல் மேட்ரிக்ஸ் என்போம். 34, 35 வாரத்துக்குள் அது தானாகச் சுருங்கி மறைந்துவிடும். அதற்கு முன்பே பிறக்கும் குழந்தைக்கு, அங்கே இருக்கும் ரத்தக்குழாய்கள் ஈரமான காகிதம் மாதிரி. மூச்சு, ரத்த அழுத்தம் சற்று ஏறி இறங்கினாலே பொத்துக்கொள்ளும். பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் நடந்துவிடும். மகள் பஸ்ஸில் போனதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ நடப்பதில்லை. ‘கிரேடு 3’ என்பது, ரத்தம் அறைக்குள் வந்து அறையையும் விரித்துவிட்டது என்பதற்கான பெயர். 1978-இல் அமெரிக்காவில் லூ-ஆன் பாப்பீல் என்ற மருத்துவரும் சகாக்களும், 1,500 கிராமுக்குக் குறைவான 46 குழந்தைகளுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து வகுத்த கணக்கு அது. அறிகுறியே தெரியாத குழந்தைகள் பலருக்கும் ரத்தம் கசிந்திருப்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. இன்றைக்கு உச்சிக்குழி வழியாக எடுக்கும் சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துவிடுகிறோம்.

இப்போது நிறத்துக்கு வருவோம். உங்கள் நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பத்தி அதுதான். சிவப்பு, மஞ்சள், வெளிர் மஞ்சள். எங்கள் லேபில் இதைப் பார்க்கும் முறை இன்றைக்கும் எளிமையானது. மாதிரியைச் சுழற்றி அணுக்களை அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்திருக்கும் நீரையும் இன்னொரு குழாயில் சாதாரணத் தண்ணீரையும் ஒரு வெள்ளைத்தாளின் முன்னால் அருகருகே பிடித்துப் பார்ப்போம். ஊசி குத்தும்போது பட்ட புது ரத்தம் என்றால் மேலே தண்ணீர் போலத் தெளியும். பழைய கசிவு என்றால் தேனில் தண்ணீர் கலந்த மாதிரி மஞ்சள் நிற்கும். சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வருகிறது. அதிலிருந்து ஹீம் பிரிகிறது. ஹீம் ஆக்ஸிஜனேஸ் என்ற நொதி அந்த வளையத்தை அறுக்கிறது. பிலிவெர்டின், கார்பன் மோனாக்சைடு, ஓர் இரும்பு அயனி என மூன்றாகப் பிரிகிறது. பிலிவெர்டின் அடுத்த படியில் பிலிரூபின் ஆகிறது. கையில் அடிபட்ட இடம் கன்றிச் சிவந்து, பச்சையாகி, மஞ்சளாகி ஆறுவதை எத்தனை பிள்ளைகளுக்குப் பார்த்திருப்பீர்கள். அதே வினைதான். (குழந்தைக்கு மஞ்சள் காமாலை அதிகமாக இருந்தாலும் இந்த நீர் மஞ்சளாகத் தெரியும். ஆனால் ஆறாவது வாரத்தில், சிவப்பணுவும் கூட இருக்கும்போது, அந்தச் சந்தேகம் குறைவு.)

இந்த வினையில் எங்களைத் தூங்கவிடாத விஷயம் அந்த இரும்புதான். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வேறெங்காவது என்றால் உடல் அதை ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் பூட்டி வைத்துவிடும். மூளை நீரில் பூட்டும் புரதங்கள் குறைவு. எதோடும் ஒட்டாமல் திரியும் இரும்பை, ரத்தக்கசிவுக்குப் பின் நீர் சேர்ந்த குறைமாதக் குழந்தைகளின் தண்டுவட நீரில் ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். கட்டற்ற இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சந்தித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: ஃபென்டன் வினை. அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல், அறைச்சுவரின் உள்பூச்சையும், நரம்பிழைகளுக்கு உறை போட வேண்டிய இளம் செல்களையும் தாக்குகிறது. கூடவே, ரத்தக்கட்டிலிருந்து டி.ஜி.எஃப். பீட்டா என்ற வளர்ச்சிக்காரணி வெளியேறி, நீர் வடியும் பாதைகளில் நார் படியச் செய்கிறது. ஆரம்ப வாரங்களில் ரத்தக்கட்டு அடைப்பதாலும், பிற்பாடு இந்தத் தழும்பு அடைப்பதாலும் நீர் தேங்குகிறது. முதல் அடைப்பு கரையக்கூடியது. இரண்டாவது பெரும்பாலும் கரையாது. இரண்டில் எது மேலோங்கும் என்பதை வைத்துத்தான், சில குழந்தைகளுக்கு ஷண்ட்டே தேவைப்படாமல் போகிறது, சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் தேவைப்படுகிறது.

அப்படியானால் அந்த அழுக்கு ரத்தத்தைக் கழுவி எடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆண்ட்ரூ வைட்லா குழுவினருக்கும் அதுதான் தோன்றியது. ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தி, ஒரு பக்கம் செயற்கை நீரை விட்டு, மறுபக்கம் வடியவிட்டு, பழுப்பு நீர் தெளியும்வரை நாள்கணக்கில் கழுவினார்கள். 77 குழந்தைகள் சேர்ந்த நிலையில் 2006-இல் ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. கழுவிய குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மறுபடி ரத்தம் கசிந்தது, ஷண்ட் தேவையும் குறையவில்லை. ஆனால் இரண்டு வயதில் பார்த்தபோது, இறப்போ கடும் பாதிப்போ கழுவிய தரப்பில் 54 சதவீதம், மற்ற தரப்பில் 71. பத்து வயதிலும் அறிவுத்திறனில் அந்த நன்மை நீடித்தது. ஆபத்தும் பலனும் இப்படிப் பின்னிக் கிடப்பதால் எல்லா மருத்துவமனைகளும் இதைச் செய்யவில்லை. எனக்கு இந்த ஆய்வு சொன்ன செய்தி: அந்த நீரில் கரைந்திருக்கும் பொருள்களும் மூளைக்குக் கெடுதல், அழுத்தம் மட்டுமே வில்லன் என்று நினைக்க முடியாது.

சர்க்கரை விஷயம். இதில்தான் மருத்துவர்களே அதிகம் தடுமாறுவார்கள். நானும் பயிற்சிக் காலத்தில் தடுமாறியிருக்கிறேன். தண்டுவட நீரின் சர்க்கரை சாதாரணமாக ரத்தச் சர்க்கரையில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இருக்க வேண்டும். 78-க்கு 24 என்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாடப்புத்தகத்தில் இதற்கு எதிரே ‘பாக்டீரியா மூளைக்காய்ச்சல்’ என்று எழுதியிருக்கும். ஆனால் அறைக்குள் ரத்தம் கசிந்த பச்சிளங்குழந்தைக்குக் கிருமியே இல்லாமல் சர்க்கரை 20-க்குக் கீழே போவதும், வாரக்கணக்கில் அப்படியே கிடப்பதும் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது. ரத்தத்திலிருந்து மூளை நீருக்குச் சர்க்கரையைத் தூக்கிவரும் கடத்திகள் சரியாக வேலை செய்வதில்லை என்பது ஒரு விளக்கம். நீரில் மிதக்கும் அணுக்களும் மூச்சுத் திணறிய மூளையும் சர்க்கரையை லாக்டேட்டாக எரித்துவிடுகின்றன என்பது இன்னொன்று. இரண்டிலும் பங்கு இருக்கலாம். 14, 19, 24 என்ற உங்கள் வரிசை மெதுவான மீட்சி. மூளைக்காய்ச்சல் மருந்தில்லாமல் இப்படி ஏறாது.

கிருமித் தொற்றா இல்லையா என்பதை வெள்ளையணுவை வைத்தும் பார்க்கிறோம். ரத்தம் கலந்த நீரில் 500 முதல் 1,000 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளையணு கூட வருவது இயல்பு. 12-ஆம் நாள் 48,000-க்கு 60, கணக்குக்குள் அடங்குகிறது. 27-ஆம் நாள் 6,000-க்கு 32, கணக்குக்கு மேலே போகிறது. பயப்பட வேண்டாம். அதற்குள் பாதி சிவப்பணு உடைந்து காணாமல் போயிருக்கும், விகிதம் பொய்யாகிவிடும். போதாதற்கு, சிதைந்த ரத்தத்தைத் துப்புரவு செய்யவும் வெள்ளையணுக்கள் வந்து சேரும். 38-ஆம் நாளின் 14, குறைமாதக் குழந்தைக்கு இயல்பான எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே இரண்டு டாக்டர்களுமே சரி. 12-ஆம் நாள் சிவந்த நீர், சர்க்கரை 14, ஒரு கிலோ குழந்தை. கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்க அவகாசம் கிடையாது. ஆன்டிபயாடிக் தொடங்கியவர் செய்ததைத்தான் நானும் செய்திருப்பேன். கிருமி வளரவில்லை, குழந்தையும் சோர்வில்லை என்று தெரிந்ததும் நிறுத்தியவர் செய்ததும் நியாயம்தான். ஒரு விஷயத்தை மட்டும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: முதல் மாதிரி எடுத்தது ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் ‘வளரவில்லை’ என்பதற்கு மதிப்பு கொஞ்சம் குறைவு. இன்னொன்று, மாதிரி லேபுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது? எங்கள் வார்டில் ஒருமுறை சர்க்கரை 9 என்று வந்து எல்லோரும் பதறினோம். விசாரித்தால், குழாய் இரண்டரை மணி நேரம் நர்ஸ் மேசையில் ஒரு ஃபைலுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. உள்ளே இருந்த அணுக்கள் நிம்மதியாகச் சர்க்கரையைத் தின்று தீர்த்திருந்தன.

‘சர்க்கரை குறைவு’ என்பதற்காக வீட்டிலிருந்து யாரும் சர்க்கரைத் தண்ணீர், தேன் எதையும் குழந்தையின் நாக்கில் தடவிவிடக் கூடாது. இந்த வயதில் அது குடலையும் உயிரையுமே பாதிக்கும். குறைவாக இருப்பது மூளை நீரின் சர்க்கரை. ரத்தச் சர்க்கரை 78, அதில் குறையே இல்லை.

மேலே சொன்னதெல்லாம் தொற்று வராது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. ரிசர்வாயரில் தினமும் ஊசி போகும்போது, தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைக் கிருமி உள்ளே போய்விடக்கூடும். ஏறிக்கொண்டிருந்த சர்க்கரை திடீரென விழுந்தால், இறங்கிய வெள்ளையணு மறுபடி நூற்றுக்கணக்கில் ஏறினால், குழந்தை மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டால், ரிசர்வாயர் மேல் தோல் சிவந்தால், பழைய கணக்கெல்லாம் தள்ளுபடி. தொற்று என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்குவார்கள்.

தினமும் நீர் எடுத்தால் சத்து போகுமா? இதற்கும் உங்கள் பாணியிலேயே கணக்கு போடலாம். 15 மில்லி நீரில், டெசிலிட்டருக்கு 330 வீதம், போகும் புரதம் 50 மில்லிகிராம். குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவையான புரதம் கிலோவுக்கு மூன்றரை முதல் நான்கு கிராம். அதோடு ஒப்பிட்டால் 50 மில்லிகிராம் கணக்கிலேயே வராது. ஆனால் சோடியம் அப்படியில்லை. தண்டுவட நீரின் சோடியம் ஏறத்தாழ ரத்தத்தில் உள்ள அளவே, லிட்டருக்கு 140 மில்லிமோல். 15 மில்லியில் 2.1 மில்லிமோல் போகிறது. இவள் எடைக்கு ஒரு நாள் தேவை ஐந்து, ஆறு மில்லிமோல் என்று வைத்தால், மூன்றில் ஒரு பங்கு அந்த ஊசி வழியாகவே வெளியேறுகிறது. எடை ஏறாமல் நின்றால் அதற்கு இது ஒரு காரணமாகலாம். ரத்தச் சோடியம் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார்கள், ஈடுகட்டக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். நீர் எடுப்பதில் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 மில்லி என்பது வழக்கமான அளவு. உங்கள் பேத்திக்கு எடுப்பதும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

‘புரதம் 150-க்கு இறங்கட்டும்’ என்று அறுவை சிகிச்சை நிபுணர் சொன்னதைப் பற்றி என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். புரதம் அதிகமானால் நீர் கூழாகி ஷண்ட் குழாயை அடைத்துவிடும் என்று பலர் விளக்குவார்கள். ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தவர்கள், இந்த அளவுப் புரதத்தால் நீரின் பாகுத்தன்மை பெரிதாக மாறவில்லை என்றுதான் கண்டார்கள். குழாயை அடைப்பவை ரத்தக்கட்டுத் துணுக்குகள், செல் குப்பை, அறைக்குள் இருந்து நீரைச் சுரக்கும் கோராய்டு பின்னலின் இழைகள். ஆனாலும் புரதம் இறங்குவது இந்தக் குப்பையும் குறைந்துவருவதற்கு அடையாளம் என்பதால், அந்த 150-ஐ ஒரு கைகாட்டியாக மதிக்கலாம். இலக்காக வைத்துக்கொண்டு ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் நெஞ்சு படபடக்க வேண்டியதில்லை. 2 கிலோ என்ற நிபந்தனைக்கு என் கண்ணில் அதைவிட மதிப்பு அதிகம். ஒன்றரைக் கிலோ குழந்தையின் தோல் வெங்காயத்தோல் மாதிரி. அதன் அடியில் வால்வைப் புதைத்தால் கிழிந்து தொற்று ஏறும். வடியும் நீரை உறிஞ்ச வேண்டிய வயிற்றுக்கும் பலம் வேண்டும்.

அதுவரை மூளை நசுங்காதா என்ற கேள்விக்குப் பதில் அந்த ரிசர்வாயர்தான். அதை வைத்ததே இந்த இடைவெளியைக் கடக்கத்தான். எப்போது எடுக்கத் தொடங்க வேண்டும் என்பதற்கு, நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று 126 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அறையின் அகலம் 97-ஆம் சதமானக் கோட்டை (அந்த வயதில் நூற்றில் 97 குழந்தைகளுக்கு அறை இதற்குள் இருக்கும்) தாண்டியதுமே எடுப்பது ஒரு முறை, கோட்டுக்கு மேல் 4 மில்லிமீட்டர் போகும்வரை பொறுப்பது இன்னொரு முறை. இறப்பும் ஷண்ட்டும் சேர்ந்த கணக்கில் இரண்டுக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை. இரண்டு வயதில் பார்த்தபோது, மற்ற காரணிகளைக் கழித்த கணக்கில், சீக்கிரம் எடுத்தவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. எனக்கு அதில் பிடித்த செய்தி வேறு: இரண்டு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்குத்தான் கடைசியில் ஷண்ட் வைக்க நேர்ந்தது. உங்கள் பேத்திக்கும் ஷண்ட் நிச்சயம் என்று இப்போதே யாரும் எழுதிவிட முடியாது.

மாத்திரை வேண்டவே வேண்டாம். அசிட்டசோலமைடும் ஃபுரோசெமைடும் சேர்த்துக் கொடுத்தால் நீர் ஊறுவது குறையும் என்று ஒரு காலத்தில் நாங்களும் நம்பினோம். 1998-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், மருந்து கொடுத்த குழந்தைகளின் நிலைதான் மோசமாக இருந்தது. அத்தோடு அந்தப் பழக்கம் போய்விட்டது. உறவினர் சொன்னது அந்தப் பழைய காலத்து நினைவாக இருக்கும்.

வீட்டையும் அடகு வைக்க வேண்டாம். உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா ஷண்ட்டையும், விலை பல மடங்கான ஒரு வெளிநாட்டு ஷண்ட்டையும் உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் பெஞ்சமின் வார்ஃப் ஒப்பிட்டுப் பார்த்தார். 2005-இல் முடிவு வெளியானது. ஓராண்டுக் கணக்கில் வித்தியாசம் இல்லை. அங்கே பெரும்பாலும் கிருமித் தொற்றால் நீர் சேர்ந்த குழந்தைகள் என்பதால் அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் விலையை வைத்து வால்வு தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்று சொல்ல இது போதும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், ஷண்ட் என்று முடிவான அன்று ஓட வேண்டாம்.

உங்கள் நோட்டில் ஒரு பத்தி இல்லை. தலைச் சுற்றளவு. ஷண்ட் வேண்டுமா, எத்தனை மில்லி எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது புரதம், சர்க்கரையைவிட அதுவும் ஸ்கேனும்தான். இந்தப் பருவத்தில் தலை வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வது சரி. இரண்டு சென்டிமீட்டர் என்றால் நீர் முந்துகிறது. நீளாத டேப்பால், புருவத்துக்குச் சற்று மேலிருந்து பின்மண்டை மிகப் புடைத்த இடத்தைச் சுற்றி, முடிந்தால் அதே நர்ஸ் அளக்கட்டும். நீர் எடுப்பதற்கு முன் அளந்ததா, பின் அளந்ததா என்றும் குறியுங்கள். உச்சிக்குழி மெத்தென்று இருக்கிறதா, விம்மி நிற்கிறதா என்று ஒரு வார்த்தை போதும். இதோடு, கண் விழித்திரைப் பரிசோதனை முடிந்ததா என்று இன்றே கேளுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். தலை விஷயத்தின் பரபரப்பில் கண் மறந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போன பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) என்று கேட்டால் குழந்தையின் வளர்ச்சி, காது, கை கால் அசைவு எல்லாவற்றையும் தொடர்ந்து பார்ப்பார்கள்.

கடைசியாக மகளின் சாப்பாடு. அம்மா சாப்பிடும் பருப்புக்கும் குழந்தையின் தலையில் இருக்கும் புரதத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பருப்பு குடலிலேயே அமினோ அமிலமாக உடைந்துவிடும், மூளைக்குள் பருப்பாகப் போகாது. இதை உங்களைவிட எளிமையாக யாரால் மகளுக்கு விளக்க முடியும்? பேத்திக்குக் கிலோவுக்கு நான்கு கிராம் வரை புரதம் வேண்டும் என்று மேலே பார்த்தோமே, அது அம்மாவின் பாலிலிருந்தும், வார்டில் அதில் கலக்கும் சத்துப்பொடியிலிருந்தும்தான் வர வேண்டும். முட்டை, பருப்பு, பால், மீன், வீட்டில் பழக்கமுள்ள எல்லாம் இன்றிலிருந்தே சாப்பிடட்டும். குறைந்த பால் திரும்ப ஊற, ஒரு நாளைக்கு எட்டு தடவையாவது பீய்ச்சி எடுக்க வேண்டும், அதில் ஒன்று நடு இரவில். ரிசர்வாயர் இருந்தாலும் மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளும் கங்காரு முறையைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அப்படி வைத்திருந்து எழுந்த கையோடு பீய்ச்சினால் பால் கூடுதலாக வரும். அடுத்த ரிப்போர்ட் வந்ததும் தலைச் சுற்றளவையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள் ஐயா. அதற்கு முன்னால், இன்று மதியச் சாப்பாட்டில் முட்டை இருந்ததா என்று மகளைக் கேளுங்கள்.